தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஐப்பசியில் எங்கள் வாய்க்கால் கலங்கி ஓடியபோது ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் சுழலும் தகடும், குஞ்சம் கட்டிய முள்ளும் உள்ள செயற்கை இரை) போட்டு நல்ல விரால் பிடித்தேன். இப்போது மாசி. தண்ணீர் தெளிந்துவிட்டது. அதையே போட்டால் விரால் பின்னாலேயே வருகிறது, கரைக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பிவிடுகிறது. இடத்தை மாற்றவா? (வாசகர், பாபநாசம்)

பதில்: இடம் சரிதான் தம்பி, மீன்தான் வந்து பார்க்கிறதே! தகட்டை மாற்றுங்கள். கலங்கல் தண்ணீரில் விராலுக்குக் கண் அவ்வளவாக உதவாது. தகடு சுற்றும்போது எழும் அதிர்வை வைத்துத்தான் பாயும். அதற்கு கொலராடோ எனும் வட்டத் தகடு பொருத்தம். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடியதும் ஓட்டம் குறைந்து, மடுவிலும் மதகடியிலும் வண்டல் படிந்துவிடும். அப்புறம் விரால் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்கும். வேப்பிலை மாதிரி நீண்டு ஒடுங்கிய வில்லோ லீஃப் தகடு, வெள்ளி நிறத்தில், சிறியதாகப் போடுங்கள். எடை 7 கிராம் போதும். பளபளக்கும் பச்சை, ஆரஞ்சுக் குஞ்சம் வேண்டாம். வெள்ளையோ சாம்பலோ, கெண்டைப்பொடியின் நிறம் இருக்கட்டும்.

முக்கியமானது வேகம். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, மீன் நிதானமாகப் பார்க்கட்டும் என்று பலரும் மெதுவாக இழுக்கிறார்கள். பார்க்க நேரம் கொடுத்தால் அது கம்பியையும் பார்க்கும், முள்ளையும் பார்க்கும். நரம்பை விரைவாகச் சுற்றி இழுங்கள். ஒடுங்கிய தகடு என்பதால் வேகமாக இழுத்தாலும் சட்டென்று மேலே வந்துவிடாது. மீன் பின்னால் வருவது தெரிந்தால் கோலை ஒரு வெட்டு வெட்டி, திசை மாற்றி இழுங்கள். தப்பி ஓடும் இரையை விராலால் விட முடியாது.

இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்பு தெளிந்த நீரில் கயிறாகத் தெரியும். அதன் நுனியில் தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பு இரண்டு முழம் கட்டுங்கள். ஆகாயத்தாமரைக்குள் மீன் புகுந்தால் இழுத்தாக வேண்டும், அதனால் ரொம்ப மெல்லியதாக வேண்டாம். வெள்ளை வேட்டியோடு கரை விளிம்பில் நிற்காதீர்கள். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. விரால் மூச்சு வாங்க மேலே வந்து வளையம் விட்டால், அதன் தலையில் போடாமல் தாண்டிப் போட்டு இழுங்கள். நல்ல வெயிலைவிட, விடியற்காலையும் காற்றில் தண்ணீர் சிலுசிலுக்கும் நேரமும் மேல்.

மழைக்காலத்தில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே போடவே போடாதீர்கள். காவலுக்கு நிற்கும் விரால் எதைக் கண்டாலும் பாயும். அதைப் பிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

கேள்வி: பழையாறு முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு இதே தூண்டில் ஆகுமா? (வாசகர், சீர்காழி)

பதில்: ஆகும். முள் தடிமனாக இருக்க வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் நரம்பை அறுக்கும், எனவே நுனியில் தடித்த நைலான் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு ஏறித் தகடு சுற்றாது.