வங்கி வாய் திறக்காவிட்டாலும் கெடு நிற்காது

கேள்வி: வேலை போனதால் வீட்டுக் கடனில் 5 தவணை நிலுவை. அவகாசம் கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டேன், நேரிலும் அலைந்தேன், பதிலே இல்லை. வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லும் பிரிவு 13(2) நோட்டீஸ் வந்து 40 நாள் ஆகிறது. அதன்பின் வங்கியிலிருந்து வரும் தபால்களை வாங்கவில்லை. பதில் சொல்லாத வங்கி வீட்டை எடுக்க முடியுமா?

பதில்: முடியும். வசூல்காரர் மீது தனியே புகார் கொடுக்கலாம். அதனால் வீடு தப்பாது. நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பு போட்ட மெயில்கள் ஆட்சேபமாகாது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 60 நாள் கெடுவில் இன்னும் 20 நாள்தான் இருக்கிறது. நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயருக்கே எழுதுங்கள்: கடன் எண், நோட்டீஸ் தேதி, கணக்கில் பிழை இருந்தால் அது, உங்களால் எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட முடியும். பதிவு வசதியோடு, ஒப்புகை கேட்டு, ஸ்பீடு போஸ்டில் இந்த வாரமே போகட்டும்.

15 நாளுக்குள் அவர் காரணத்தோடு பதில் தர வேண்டும். தராவிட்டால் வழக்கு ஜெயித்ததாக நினைத்துவிடாதீர்கள். பதில் தருவது கட்டாயம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அதே வழக்கில், கடன் வாங்கியவருக்குச் சொத்து திரும்பக் கிடைக்கவில்லை.

தபாலைத் திருப்புவதை இன்றே நிறுத்துங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திரும்பும் கவர் உங்கள் கைக்கு வந்ததாகவே கொள்ளப்படும். அடுத்த கவரில் சுவாதீன நோட்டீஸ் (வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்வது) இருந்தால், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான்.

பலர் வீட்டை இழப்பது இனிமேல்தான். “கொஞ்சம் கட்டுங்க சார், மேலே பேசிடறேன்” என்ற வாய்வார்த்தையை நம்பி, நகையை அடகு வைத்து நாலு தவணை கட்டுவார்கள். ஏற்கெனவே வாராக்கடன் ஆகிவிட்ட கணக்கு, ஒரு தவணை பாக்கி நின்றாலும் வாராக்கடனாகவே தொடரும். நோட்டீஸும் உயிரோடு இருக்கும். கட்டுவதானால் நிலுவை முழுவதையும் வட்டியோடு கட்டி, நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாகக் கடிதம் வாங்குங்கள். இன்னொன்று, ஏலத்தன்று காலையில்கூடப் பணத்தைக் கட்டி மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே மொத்தக் கடனையும் செலவோடு கட்டியாக வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது.

அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் நிலையான வருமானம் வராது என்றால், வழக்கில் பணத்தைக் கரைக்காமல் நீங்களே வீட்டை விற்றுவிடுங்கள். ஏலத்தில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. அதனால் அந்தச் சம்மதத்தையும் ஆட்சேபக் கடிதத்திலேயே கேளுங்கள். அது கைக்கு வரும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.