பதினொரு டாலரும் வடுகபட்டி விலையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன். மேல்மலை ஊர்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. வடுகபட்டி சந்தையில் பூண்டு விலை, மன்னவனூர் பஸ் நேரம், திருவிழா, கரண்ட் கட் எல்லாம் போடுகிறேன். ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸில் சேர்ந்தது 11 டாலர்தான். உள்ளூர் விஷயத்துக்குக் காசு வராதா? நம் பையன்களை விளம்பரத்தைத் தட்டச் சொல்லலாமா?

பூம்பாறை வாசகர்

அன்புள்ள தம்பி,

தட்டச் சொல்லாதீர்கள். அதே பத்து போன்கள் தினமும் தட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு மூடப்படும், அந்த 11 டாலரும் விளம்பரம் கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடும்.

10 டாலரைத் தாண்டியதால் முகவரியைச் சரிபார்க்கும் பின் நம்பர் தபாலில் வரும். போஸ்ட்மேனிடம் சொல்லி வையுங்கள். வங்கிக்குப் பணம் வர 100 டாலர் சேர வேண்டும். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018-இல், நம் மலையில் குறிஞ்சி பூத்த அதே வருஷம். அடுத்த குறிஞ்சி 2030-இல். இந்த வேகத்தில் போனால் உங்கள் முதல் பணமும் குறிஞ்சியை ஒட்டித்தான் வரும்.

ஏன் இவ்வளவு குறைவு? ஒருவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளம்பர இடம் ஏலம் போகிறது. உங்கள் பூண்டு மூட்டை மண்டியில் ஏலம் போவதைப்போலத்தான்; இங்கே மூட்டை என்பது படிக்கிற ஆள். பூண்டு விலை பார்க்கிற கூக்கால் ஊர்ப் பெரியவரிடம் எதையாவது விற்க யார் போட்டி போடுவார்கள்? அதுவே மே மாதம் கொடைக்கானல் வர நினைக்கும் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் என்றால், தங்கும் விடுதி, வாடகைக் கார், ஸ்வெட்டர் என்று நாலு பேர் கை தூக்குவார்கள்.

அதனால் மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் எழுதுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்துவிட்டது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. இ-பாஸ் எடுப்பது எப்படி என்று நூறு பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுங்கள். பாஸ் எடுத்து வந்தவர் பூம்பாறையில் எங்கே வண்டியை நிறுத்துவது, எத்தனை மணிக்கு மேல் பனி இறங்கி ரோடு தெரியாது, குழந்தை வேலப்பர் கோயில் எப்போது நடை சாத்தும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். 2019-இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு பூண்டை அந்தப் பேரில் விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு விவசாயி எழுதினால் சென்னையில்கூடப் படிப்பார்கள். இதையெல்லாம் பிப்ரவரிக்குள் எழுதி வையுங்கள். கூகுள் தேடலில் மேலே வர நாளாகும். மழைக்காலத்தில் வருமானம் படுத்துவிடும், பயப்பட வேண்டாம்.

ஆனால் விலைப் பக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். ஆட்சென்ஸ் கண்டுகொள்ளாத அந்தக் கூக்கால் பெரியவர், வத்தலக்குண்டு உரக்கடைக்காரருக்குத் தேடினாலும் கிடைக்காத ஆள். நேரில் போய்க் கேளுங்கள். ஆறு மாதத்தில் உங்களுக்கு வந்தது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஒரு கடை மாதம் 500 கொடுத்தால் இரண்டே மாதத்தில் அது வந்துவிடும். போன மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் போனிலேயே காட்டுங்கள். முதல் மாதம் சும்மா போட்டுக் கொடுங்கள், அப்புறம் பேரம்.

இதில் நான் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். மாதாமாதம் பணம் தந்த ஒரு விடுதியை, தங்கிப் பார்க்காமலேயே, சொந்தக் கட்டுரைபோல் புகழ்ந்து எழுதினேன். அதை நம்பிக் கைக்குழந்தையோடு வந்த ஒரு வாசகர் டிசம்பர் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். வெந்நீர் இல்லை, கம்பளியில் ஈர வாடை. நாயுடுபுரத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு கம்பளி எடுத்துக்கொண்டு போனேன். அந்த மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது காசு வாங்கிப் போடுவது எதுவானாலும் தலைப்புக்கு மேலேயே 'விளம்பரம்' என்று போட்டுவிடுகிறேன். உரக்கடைக்கும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. இதை எழுதும் முன் உங்கள் தளத்தைத் திறந்தேன். சந்தை முடிந்து இரண்டு நாள் ஆகியும் போன வார விலைதான் இருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.