எம்20: இன்ஜின் எண் ஒன்று, ஃபிரேம் எண் வேறு

வாங்கப் பார்த்த பி.எஸ்.ஏ எம்20-இல் (பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்) இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன, வண்டி போலியா என்று கேட்டிருந்தீர்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது. அந்தக் காலத்தில் கம்பெனியே இரண்டுக்கும் தனித்தனி வரிசையில்தான் எண் அடித்தது.

ஆனால் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஃபிரேமில் உள்ள டபிள்யூஎம்20 இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. இன்ஜினில் உள்ள எக்ஸ்எம்20 போருக்குப் பிந்தையது, 1946-47 வாக்கில் வந்தது. அதாவது, பிற்பாடு யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள்.

ஃபிரேம் எண் அசல்தானா? ஹேண்டில் கழுத்தில் பெயிண்ட் ரிமூவர் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அப்புறம் சாக்பீஸ் தூள் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எண்ணுக்கு அடியில் இன்னொரு எண்ணின் நிழலோ அரம் ஓடிய கோடோ தெரிந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆனால் கடலூர் துறைமுகத்துப் பக்கம் கிடந்த வண்டி என்கிறீர்கள். உப்புக்காற்று அரித்த குழியும் பழைய எழுத்து மாதிரியே தெரியும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்களோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.