பெயிண்டர் கை போகாத இடத்தைப் பாருங்கள்

கேள்வி: பெருங்களத்தூரில் 1996-ல் கட்டிய தனி வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறோம். புதுப் பெயிண்டில் பளபளவென்று இருக்கிறது. பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். “இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, சீக்கிரம் அட்வான்ஸ் கொடுத்துடுங்க” என்கிறார் புரோக்கர். வீடு உறுதியாக இருக்கிறதா என்று நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்

பதில்: அம்மா, அந்த ரெண்டு பார்ட்டியைப் பற்றி முப்பது வருஷமாகக் கேள்விப்படுகிறேன். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நிதானமாக இருங்கள்.

விற்கிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது சகஜம்தான். ஆனால் பெயிண்டர் கை போகாத இடம் எல்லா வீட்டிலும் உண்டு: லாஃப்ட்டின் உள்பக்கம், மாடிப்படிக்கு அடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம். ஒரு டார்ச், ஒரு நாணயம், ஏறி நிற்க ஒரு ஸ்டூல் போதும்.

முதலில் பாத்ரூமுக்குள் நின்று அண்ணாந்து, மேல்தள கான்கிரீட்டைப் பாருங்கள். உள்ளே கம்பி போகிற வாக்கில் நேராக விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் அதில் துரு ஏறியிருக்கலாம். துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பினால் அடியில் இருக்கிற கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும். கம்பிக்குக் கீழே அதை மூடுகிற கான்கிரீட் (கவர்) 20 மி.மீ. விட வேண்டிய இடத்தில் நகக்கண் அளவு விட்டுக் கட்டிய வீடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும், உள்ளுக்குள் பெயர்ந்து நிற்கிற இடம் ‘பொத்’தென்று கேட்கும். வெறும் பூச்சு மட்டும் பெயர்ந்திருந்தாலும் அப்படித்தான் கேட்கும் என்பதால் அந்த இடத்தைக் குறித்துவைத்து ஓர் இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இருந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது. என் மச்சினன் வீடு வாங்கும்போது நானும் கூடப் போனேன். ஹாலில் அழகான சீலிங். காபி குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து ஃபேன் மாற்ற ஒரு பலகையைக் கழற்றினால், மேலே கம்பிகள் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிகின்றன! இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என்னை “இன்ஜினீயர் சார்” என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் செல்போனை விட்டு ஒரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் ஏரியாவுக்கு இன்னொன்று முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து முடிச்சூர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இந்த வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, வாசற்படி பள்ளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலைக்கட்டையின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கரையான் இருப்பதும் தெரிந்துவிடும். ஒயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பூச்சில் மயிரிழை விரிசல் எந்த வீட்டிலும் இருக்கும், பயப்படாதீர்கள். பாத்ரூம் மேல்தளம் மட்டும் கெட்டிருந்தால் செலவைக் கணக்குப் போட்டு விலையைக் குறைத்துப் பேசலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, நாணயம் நுழைகிற அகலத்தில் விரிசல் ஓடி, அந்தப் பக்கத் தரையும் இறங்கியிருந்தால் அஸ்திவாரத்தில் கோளாறு இருக்கலாம். அந்த வீட்டை அந்த ரெண்டு பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.