வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் நான் எழுதிய ‘ஹியரிங்’கை ‘ஹியர்’ என்று மாற்றச் சொல்கிறார் நண்பர். ‘லுக் ஃபார்வர்டு டு’வுக்குப் பின் ‘ஹியர்’ வருமா, ‘ஹியரிங்’ வருமா?

‘ஹியரிங்’ என்பதே சரி. உங்கள் வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியை ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றே முடியுங்கள். அதை ‘ஹியர்’ என்று மாற்றச் சொன்ன நண்பரின் திருத்தம் தேவையில்லை.

‘வான்ட் டு’, ‘ஹோப் டு’ ஆகியவற்றுக்குப் பின் வினையின் மூல வடிவம் வருவதால், ‘டு’வைக் கண்டவுடன் ‘ஹியர்’ என்று எழுதக் கை பழகிவிடுகிறது. குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தத் தொடரில் வரும் ‘டு’ அப்படிப்பட்டதன்று, முன்னிடைச்சொல் (ப்ரெபோசிஷன்). அதன் பின் ஒரு பெயர்ச்சொல்லோ, நம் ‘கேட்டல்’, ‘பார்த்தல்’ போலப் பெயராகிவிட்ட வினையோதான் நிற்க முடியும்.

ஐயம் வரும்போது வினையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘யுவர் ரிப்ளை’ என்று வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ இயல்பாக நிற்கிறது, ஆகவே அங்கே ‘இங்’ வேண்டும். ‘ஐ ஹோப் டு யுவர் ரிப்ளை’ நிற்கவில்லை, ஆகவே அங்கே வெறும் ‘ஹியர்’ போதும்.

‘யூஸ்டு டு’வில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அங்கே இரண்டு வடிவங்களும் சரியானவை, பொருள்தான் வேறு: ‘ஐ யூஸ்டு டு ரைட்’ என்றால் முன்பு எழுதிவந்தேன், ‘ஐ ஆம் யூஸ்டு டு ரைட்டிங்’ என்றால் எழுதுவது எனக்குப் பழக்கம்.