எல்லா அயனிகளையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

கேள்வி: 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். பேரியம் குளோரைடு கரைசலோடு சோடியம் சல்பேட் கரைசல் சேரும் வினைக்கு முழுச் சமன்பாடு எழுதிவிடுகிறேன். அயனிச் சமன்பாட்டுக்காக எல்லாவற்றையும் பிரித்து, இரு பக்கமும் பொதுவாக இருப்பதை அடித்தால் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. எங்கே தப்பு?

பதில்: ‘எல்லாவற்றையும்’ பிரித்தீர்களே, அங்கேதான். பேரியம் சல்பேட்டை நீங்கள் தொட்டிருக்கக் கூடாது. சோதனைக் குழாயில் வெள்ளையாகக் கலங்கி மெல்ல அடியில் இறங்குகிறதே, அதுதான் அது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். வயிறு, குடல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நோயாளிக்கு இதையே நீரில் கலக்கிக் குடிக்கக் கொடுப்பார்கள். பேரியம் அயனி கடும் நஞ்சு. ஆனாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் பேரியம் சல்பேட் பிரியாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. வயிற்றில் பிரியாததை நோட்டுப் புத்தகத்தில் மட்டும் பிரிக்கலாமா?

அதனால் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ‘கரைசல்’ அல்லது ‘திண்மம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் எல்லா நைட்ரேட்டுகளும் கரையும். குளோரைடுகளில் சில்வர், லெட் போன்ற சிலவும், சல்பேட்டுகளில் பேரியம், லெட் போன்ற சிலவும் கரையாது. கார்பனேட்டும் பாஸ்பேட்டும் சோடியம் வகையறாவைத் தவிரப் பொதுவாகக் கரையாது. தேர்வுக்கு இது பெரும்பாலும் போதும்.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். பேரியம் குளோரைடைப் பிரிக்கும்போது குளோரினுக்குக் கீழே உள்ள 2-ஐ அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள். அது குளோரின் வாயுவின் வாய்பாடு. அந்த வாயு உண்மையிலேயே வந்தால் ஆய்வகத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது! கரைசலில் இருப்பவை தனித்தனியான இரண்டு குளோரைடு அயனிகள், எனவே 2 முன்னால் வர வேண்டும். சல்பேட்டில் உள்ள 4-ன் கதை வேறு. கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் ஒரு அயனி, அதை உடைக்கக் கூடாது.

சரி, இப்போது மறுபடியும் அடித்துப் பாருங்கள். இரண்டு சோடியமும் இரண்டு குளோரைடும் போய்விடும். மிஞ்சுவது இவ்வளவுதான்:

பேரியம் அயனி (2+) + சல்பேட் அயனி (2−) → பேரியம் சல்பேட் (திண்மம்)

பேரியம் நைட்ரேட்டோடு பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்தாலும் இதே வரிதான் வரும். உப்புப் பகுப்பாய்வில் சல்பேட்டைக் கண்டுபிடிக்க பேரியம் குளோரைடு ஊற்றுவது இதனால்தான். சல்பேட் எந்த உலோகத்தோடு வந்திருந்தாலும், அது கரைசலில் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை. ஆனால் பேரியம் கார்பனேட்டும் வெள்ளையாகவே விழுந்து நம்மை ஏமாற்றும். முதலிலேயே கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கார்பனேட் கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கிப் போய்விடும். அப்புறம் விழும் வெள்ளையை நம்பலாம்.

எல்லாம் புரிந்ததா என்று பார்க்க, பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்க்கும் வினையை எழுதிப் பாருங்கள். இங்கே உங்கள் சிக்கல் தலைகீழாகும்: அடிப்பதற்கு ஒன்றுமே கிடைக்காது. பேரியமும் சல்பேட்டும் வீழ்படிவாகின்றன, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் நீராகின்றன. வினையில் சேராமல் வேடிக்கை பார்க்கும் அயனி ஒன்றுகூட இல்லை. இந்தக் கரைசலில் இரண்டு மின்முனைகளை வைத்து ஒரு பல்பை இணைத்துவிட்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். மின்சாரத்தைக் கடத்தும் அயனிகள் குறையக் குறைய வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் அணைந்துவிடும். அதற்கு மேலும் அமிலம் விட்டால் மறுபடி எரியும்.