நினைவாற்றல் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கையில் 'வொர்க்கிங் மெமரி' ரொம்பக் குறைவு என்று இருக்கிறது. அதைக் கூட்ட கம்ப்யூட்டர் பயிற்சி இருக்கிறதாம், சேர்க்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: வேண்டாம் சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து ஒரு வேலையும் செய்வதுதான் வொர்க்கிங் மெமரி. 7, 2, 9 என்று சொல்லி, தலைகீழாக 9, 2, 7 என்று சொல்ல வைத்துச் சோதிப்பார்கள். படிக்கவும் இது வேண்டும். 'பள்ளிக்கூடம்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிற பிள்ளை 7 ஒலிகளைச் சுமக்கிறான், கடைசி 'ம்' வருவதற்குள் முதலில் படித்தது நழுவிவிடுகிறது, அப்புறம் ஊகத்தில் 'பள்ளம்' என்று ஏதோ சொல்வான், நாம் கவனமில்லை என்று திட்டுவோம். பாவம், அவன் கவனமாகத்தான் இருக்கிறான்.

அதற்காக, அந்த மார்க்கைக் கூட்டினால் வாசிப்பு தானாக வந்துவிடாது. மெல்பி-லெர்வாக், ஹூம் என்ற ஆய்வாளர்கள் 2013-ல் இந்த மாதிரிப் பயிற்சிகள் பற்றிய 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைவாற்றல் சோதனையில் கொஞ்ச காலத்துக்கு முன்னேற்றம் தெரிந்தது, சொற்களைப் படிக்கும் திறன் கூடவில்லை.

அந்த நேரத்தையும் பணத்தையும் நேராக வாசிப்புக்கே கொடுங்கள். ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் எழுத்து-ஒலிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் சொற்களைத் துண்டு துண்டாகப் படிக்க வையுங்கள்: பள்-ளிக்-கூ-டம். 7 ஒலி 4 துண்டாகிவிட்டது பாருங்கள், சுமை அங்கேயே குறைகிறது. பார்த்ததும் வாய்க்கு வரும் துண்டுகள் கூடக் கூட, படித்ததைப் புரிந்துகொள்ள அவன் மனதில் இடம் கிடைக்கும்.

இன்னொன்று, சோதனை எந்த மொழியில் நடந்தது என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிற பிள்ளையிடம் எண்களை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அந்த மார்க்கை அப்படியே நம்பாதீர்கள்.

சரி, அறிக்கையால் பயனே இல்லையா? இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது, உரிய சான்றிதழ் வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்கு முன், இந்த வாரமே வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லவும், முன்கூட்டிப் பழகாத பாடத்தை எல்லோர் முன்னும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.